பளபளக்கும் பாலம்... காலியாகக் கிடக்கும் நாற்காலி! ராமேஸ்வரம் தீவை நடத்துவது யார்?

கார்த்திகை பிறந்தாச்சு. மாலை போட்டவர்கள் சபரிமலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ ராமேஸ்வரத்தையும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வருவது வழக்கம். இந்த வருடம் கூடுதலாக இன்னொரு ஈர்ப்பு இருக்கிறது. 2025 ஏப்ரல் 6-ம் தேதி திறக்கப்பட்ட புது பாம்பன் ரயில் பாலம். நடுப்பகுதி அப்படியே லிஃப்ட் மாதிரி 17 மீட்டர் மேலே போகும். அதை வீடியோ எடுக்காமல் வந்தவர்கள் குறைவு. நீங்களும் டிக்கெட் போட்டு வைத்திருக்கலாம். பாலத்தில் ஒரு ரீல்ஸ், அக்னி தீர்த்தத்தில் ஒரு முங்கு, கோயிலுக்குள் 22 தீர்த்தம், மறுநாள் அரிச்சல்முனையில் சூரிய உதயம், வரும் வழியில் கலாம் நினைவிடம். ஒன்றரை நாள் டிரிப்.

போய் வந்தவர்களிடம் கேட்டால் இரண்டு விஷயம் கட்டாயம் சொல்வார்கள். 'கோயில் பிரமாதம். ஆனா ஊரு ஒரே கச்சடா பாஸ்!' குப்பை, சாக்கடை, பார்க்கிங், கழிவறை என்று ஒரு நீளமான பட்டியல் வரும். கடைசியில், 'இவ்வளவு பேர் வர்றாங்க, காசு கொட்டுது, முனிசிபாலிட்டி என்னதான் பண்ணுது?' என்று ஒரு கேள்வி.

நியாயமான கேள்விதான். ஆனால், பதில் தேடிப் போனால் வேறு ஒரு கதை கிடைக்கிறது.

ஒரு தீவு, மூன்று எல்லை

மேப்பைத் திறந்து பாருங்கள். பாலம் தாண்டியதும் நீங்கள் கால் வைக்கும் இடம் ராமேஸ்வரம் இல்லை, பாம்பன். அது ஒரு கிராம ஊராட்சி. விவேகானந்தர் 1897 ஜனவரி 26-ல் வந்து இறங்கிய குந்துகால் இந்தப் பக்கம்தான் இருக்கிறது. கொஞ்ச தூரம் போனால் தங்கச்சிமடம். அதுவும் கிராம ஊராட்சி. அப்துல் கலாம் அடக்கம் செய்யப்பட்ட பேக்கரும்பு இதை ஒட்டித்தான். அதற்கப்புறம்தான் ராமேஸ்வரம் நகராட்சி. அது தெற்கே நீண்டு, புயலில் போன தனுஷ்கோடி வரைக்கும் போகிறது. மூன்று நிர்வாகம் இருந்தாலும் உள்ளே வரவும் வெளியே போகவும் சாலை ஒன்றுதான்.

ஊராட்சி என்றதும் ஆலமரம், திண்ணை, சொம்பு என்று சினிமா காட்சி மனதில் வந்தால் அழித்துவிடுங்கள். 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி ராமேஸ்வரம் நகராட்சியில் 44,856 பேர். தீவு முழுக்கச் சேர்த்தால் 80,000-க்குக் கொஞ்சம் மேல். அதாவது, தீவில் கிட்டத்தட்ட பாதிப் பேர் 'கிராமத்தில்' வாழ்கிறார்கள். தமிழ்நாட்டில் இவர்களைவிடக் குறைந்த மக்கள் தொகையோடு பேரூராட்சியாக இருக்கும் ஊர்கள் ஏராளம். மெயின் ரோட்டில் இறங்கி நின்று பார்த்தால் எங்கே கிராமம் முடிந்து எங்கே நகரம் தொடங்குகிறது என்று உங்களால் சொல்ல முடியாது. லாட்ஜ், மீன் கம்பெனி, ஐஸ் ஃபேக்டரி, செல்போன் கடை என்று எல்லாம் தொடர்ச்சியாகத்தான் வரும்.

இந்த எல்லைக்கோடு சுற்றுலாப் பயணிக்கு வெறும் பெயர்ப்பலகைதான். அங்கே வாழ்பவருக்கு அப்படி இல்லை. குப்பை வண்டி தினமும் வருமா, வாரத்துக்கு எத்தனை நாள் தண்ணீர், வீட்டு வரி எவ்வளவு, பஞ்சாயத்து வேலைக்குப் போக முடியுமா, வீடு கட்ட அரசு பணம் கிடைக்குமா... எல்லாமே அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

காசு கொட்டுது... யாருக்கு?

உங்கள் ஒன்றரை நாள் செலவைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். ரயில் டிக்கெட் காசு ரயில்வேக்கு. 22 தீர்த்தத்துக்கான 25 ரூபாய் கோயிலுக்கு. கோயில் இந்து சமய அறநிலையத் துறை நிர்வாகத்தில். லாட்ஜ் பில்லில் இருக்கும் ஜி.எஸ்.டி மாநிலத்துக்கும் மத்திய அரசுக்கும். காருக்குப் போட்ட பெட்ரோலின் வரியும் அப்படியே. ஆட்டோ, மீன் குழம்பு, சங்கு மாலை ஆகியவற்றுக்குக் கொடுத்தது அந்தந்த மனிதர்களின் பிழைப்புக்கு. நல்லது, அது அங்கேயே சுற்றும்.

உள்ளாட்சிக்கு நேரடியாகப் போவது என்ன? நீங்கள் தங்கிய லாட்ஜ் கட்டும் சொத்து வரி, குடிநீர்க் கட்டணம், தொழில் வரி. பார்க்கிங், கடை வாடகை, கழிவறைக் குத்தகை போன்ற சில்லறை இனங்கள். அவ்வளவுதான். லாட்ஜ் ஃபுல்லாக இருந்தாலும் காலியாகக் கிடந்தாலும் சொத்து வரி அதே தொகைதான். ஆனால் லாட்ஜ் ஃபுல்லானால் குப்பை மூன்று மடங்கு ஆகும், கழிவுநீர் லாரி கூடுதலாக ஓட வேண்டும். வரவு நிலையாக நிற்கிறது, செலவு மட்டும் அமாவாசைக்கு அமாவாசை ஏறுகிறது.

மாநில அரசு தன் சொந்த வரி வருவாயில் 10 சதவீதத்தை உள்ளாட்சி அமைப்புகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது. யாருக்கு எவ்வளவு என்பதில் முக்கிய அளவுகோல் மக்கள் தொகை. எந்த மக்கள் தொகை? 2011-ல் எண்ணியது. 2021-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு இன்னும் நடக்கவில்லை. அதாவது, ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் மகா சிவராத்திரிக்கும் நாட்டின் நான்கு மூலையிலிருந்தும் கூட்டம் இறங்கும் ஒரு ஊருக்கு, 2011-ல் அங்கே குடியிருந்த 44,856 பேரை வைத்துத்தான் கணக்கு. நீங்களும் நானும் அந்தக் கணக்கில் இல்லை. நாம் விட்டுவிட்டு வரும் ஈரத்துணியும் தண்ணீர் பாட்டிலும் மட்டும் அந்த ஊர்த் தூய்மைப் பணியாளர்களின் கணக்கில் ஏறிவிடுகின்றன.

அக்னி தீர்த்தத்தில் குளித்துவிட்டு உடுத்திய துணியை அங்கேயே விட்டுவிட்டால் பாவம் போகும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். பாவம் போகுமோ இல்லையோ, துணியை எடுக்க ஒரு ஆள் கடலில் இறங்க வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுக்க ஒரு அலுவலகம் வேண்டும்.

ஊராட்சிகளின் நிலைமை இதைவிட மோசம். நகராட்சிக்காவது ஆணையர், பொறியாளர், சுகாதார அலுவலர் என்று ஒரு கட்டமைப்பு இருக்கிறது. கிராம ஊராட்சிக்கு ஒரு செயலர், தண்ணீர்த் தொட்டியைத் திறந்து மூடும் தொட்டி ஆபரேட்டர்கள், தூய்மைக் காவலர்கள். பல நூறு பேர் வாழும் ஊருக்கும் அதே அமைப்பு, பல ஆயிரம் பேர் வாழும் பாம்பனுக்கும் அதே அமைப்பு. தீவுக்கு வரும் ஒவ்வொரு பஸ்ஸும் முதலில் கடப்பது இந்தக் கிராமத்தைத்தான்.

நாற்காலி காலியாக இருந்தபோது நடந்தவை

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. புதுத் தேர்தல் தள்ளிப்போனது. ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில்தான் நடந்தது. நகராட்சிகளுக்கு 2022 பிப்ரவரி 19-ல். இடைப்பட்ட காலத்தில் தனி அலுவலர்கள்தான் எல்லாம். ராமேஸ்வரம் நகராட்சியில் 5 வருடத்துக்கும் மேலாக ஒரு கவுன்சிலர்கூடக் கிடையாது.

அந்த 5 வருடத்தில் தீவில் என்ன நடந்தது? 2017 ஜூலை 27-ல் பிரதமர் வந்து கலாம் நினைவிடத்தைத் திறந்தார். அதே நாளில் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டர் புதுச் சாலையும் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு, மணலில் ஓடும் வேன்களில் மட்டுமே போக முடிந்த தனுஷ்கோடிக்கு 53 வருடம் கழித்து உங்கள் கார் நேராகப் போக ஆரம்பித்தது அன்றைக்குத்தான். தீவின் சுற்றுலாவையே தலைகீழாக மாற்றிய இரண்டு திறப்புகள். அப்போது நகராட்சியிலும் ஆள் இல்லை, ஊராட்சியிலும் ஆள் இல்லை. இவ்வளவு வண்டி வந்தால் எங்கே நிறுத்துவது, குப்பை எங்கே போகும், அங்கே குடிசை போட்டு மீன் பிடிக்கும் குடும்பங்களுக்கு என்ன ஆகும் என்று மன்றத்தில் எழுந்து நின்று கேட்க ஒரு வார்டு உறுப்பினர்கூட இல்லை.

சரி, அது பழைய கதை என்பீர்கள். இப்போதைய கதைக்கு வருவோம். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர்களின் ஐந்து வருடம் 2025 ஜனவரி 5-ம் தேதியோடு முடிந்தது. ராமநாதபுரம் மாவட்டமும் இதில் அடக்கம். அன்று முதல் பாம்பன், தங்கச்சிமடம் உட்பட எல்லா ஊராட்சிகளுக்கும் வட்டார வளர்ச்சி அலுவலர்தான் தனி அலுவலர். இரண்டு ஊராட்சிகளும் மண்டபம் ஒன்றியத்தில் வருகின்றன. அந்த ஒன்றியத்தில் மட்டும் இருபதுக்கும் மேற்பட்ட ஊராட்சிகள். ஒன்றிய அலுவலகம் இருப்பது பாலத்துக்கு அந்தப் பக்கம். தெரு விளக்கு எரியவில்லை என்றால் ஊர்த் தலைவரை டீக்கடையில் மடக்கிக் கேட்கும் வசதி போயே போச்சு. கேட்க வேண்டுமென்றால் கடல் தாண்ட வேண்டும். சும்மா வார்த்தைக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே கடல் தாண்ட வேண்டும்.

அந்த அலுவலர் மேல் குறை சொல்லவில்லை. இருபது ஊர்களை ஒரு மனிதர் பார்த்தால் எந்த ஊரை எவ்வளவு பார்க்க முடியும்?

இப்போது தேதிகளைப் பொருத்திப் பாருங்கள். 2025 மார்ச்: தமிழ்நாடு பட்ஜெட்டில் ராமேஸ்வரத்துக்கு விமான நிலையம் என்று அறிவிப்பு. 2025 ஏப்ரல் 6: சுமார் 550 கோடி ரூபாயில் கட்டிய புது ரயில் பாலம் திறப்பு. 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் நிறுத்தப்பட்ட ரயில், இரண்டு வருடத்துக்கு மேல் மண்டபத்தோடு நின்றுகொண்டிருந்த ரயில், மறுபடி தீவுக்குள் வருகிறது. அந்தப் பாலம் வந்து இறங்கும் ஊருக்குத் தலைவர் இல்லை. 2017-ல் நடந்ததேதான் 2025-லும்.

அரசியலமைப்புச் சட்டத்தின் 243-இ பிரிவு, ஐந்து வருடம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறது. வார்டு மறுவரையறை, இடஒதுக்கீடு என்று ஒவ்வொரு முறையும் காரணங்கள் வருகின்றன. எந்தக் கட்சி ஆட்சியிலும் இது மாறவில்லை. 2016-ல் தள்ளிப்போனது ஒரு கட்சியின் ஆட்சியில். 2025-ல் நாற்காலி காலியாகக் கிடப்பது இன்னொரு கட்சியின் ஆட்சியில். சட்டமன்றத் தேர்தல் ஆறு மாதம் தள்ளிப்போனால் நாடே கொந்தளிக்கும். பஞ்சாயத்துத் தேர்தல் வருடக்கணக்கில் தள்ளிப்போனால் நாம் ரீல்ஸைத் தள்ளிக்கொண்டிருக்கிறோம்.

இதில் பண இழப்பும் இருக்கிறது. மத்திய நிதி ஆணைய மானியம் கிடைக்க, தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி அமைப்பு இருக்க வேண்டும் என்பது நிபந்தனைகளில் ஒன்று. நாற்காலி காலி என்றால் பணப்பெட்டியும் சந்தேகம்தான்.

கடலுக்கு நடுவே நல்ல தண்ணீர்

தீவை ஏன் மூன்று துண்டாக நிர்வாகம் செய்ய முடியாது என்பதற்கு ஒரே ஒரு உதாரணம் போதும். தண்ணீர்.

கோயிலுக்குள் தீர்த்தக் கிணறுகளில் குளிக்கும்போது, 'கடல் இவ்ளோ பக்கத்துல இருக்கு, தண்ணி உப்பே கரிக்கலையே!' என்று ஆச்சர்யப்பட்டிருப்பீர்கள். தங்கச்சிமடம் பக்கம் வில்லூண்டி தீர்த்தம் இன்னும் ஆச்சர்யம். கடலுக்குள்ளேயே கிணறு, அதில் நல்ல தண்ணீர். தனுஷ்கோடியில் மீனவப் பெண்கள் மணலைக் கையால் தோண்டி ஊற்றுத் தண்ணீர் எடுப்பதைப் பார்த்திருக்கலாம்.

பக்தி ஒரு பக்கம் இருக்கட்டும், இதற்கு ஒரு அறிவியலும் உண்டு. தீவு முழுக்க மணல். மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டு நிற்கும். நன்னீர் எடை குறைவு, கடல்நீர் எடை அதிகம். பார்த்தால் ஒரு கண்ணாடி வில்லை போல நடுவில் தடித்து, ஓரங்களில் மெலிந்து இருக்கும். கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலில் பொதுக் கணக்கு. இதைத் திருப்பிப் படியுங்கள். மேலே ஒரு அடி உறிஞ்சினால், காலப்போக்கில் அடியிலிருந்து உப்பு 40 அடி ஏறும்.

இந்த வில்லைக்கு நகராட்சி எல்லையும் தெரியாது, ஊராட்சி எல்லையும் தெரியாது. ஒரு பக்கம் லாட்ஜ்கள் ஆழமாக போர் போட்டு இழுத்தால் அடுத்த பக்கத்துக் கிணறு உவர்க்கும். ஒரு எல்லைக்குள் செப்டிக் டேங்க் ஒழுங்காக இல்லை என்றால், அந்த மணலில் கசிவது அடுத்த எல்லைக்காரர் குடிக்கும் தண்ணீரில் போய்ச் சேரும். மணலுக்கு வடிகட்டும் சக்தி கொஞ்சம் உண்டு, ஆனால் அதற்கும் அளவு இருக்கிறது. அக்னி தீர்த்தத்தில் கழிவுநீர் கலக்கிறது என்ற புகாரைப் பல வருடமாகக் கேட்கிறோம். கண்ணுக்குத் தெரிவதால் அது செய்தியாகிறது. மணலுக்கு அடியில் கலப்பது செய்தியாவதில்லை.

திருச்சி பக்கம் காவிரியில் எடுக்கும் தண்ணீர் ராமநாதபுரம் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் குழாய்களில் 200 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து இந்தக் கடற்கரைக்கு வருகிறது. 600 கோடிக்கு மேல் செலவழித்துப் போட்ட திட்டம், பெரிய சாதனைதான். ஆனால் குழாயின் கடைசி முனையில் இருப்பவருக்கு என்ன கிடைக்கும் என்பது உங்கள் தெருவின் கடைசி வீட்டுக்காரரைக் கேட்டாலே தெரியும். இங்கே ஒரு தீவே குழாயின் கடைசி முனையில் இருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டத்தில் தள்ளுவண்டியில் வரிசையாகக் குடத்தை அடுக்கித் தள்ளிக்கொண்டு போகும் பெண்களை நீங்கள் பஸ் ஜன்னலில் இருந்து பார்த்திருப்பீர்கள். நீங்கள் லாட்ஜில் ஷவரைத் திறக்கும்போது அந்த வண்டி ஞாபகத்துக்கு வந்தால் நல்லது.

தண்ணீர் இல்லாதபோது ஒரு பிரச்னை என்றால், வரும்போது இன்னொரு பிரச்னை. 2024 நவம்பர் 20-ம் தேதி ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் அன்றைக்குப் பேய் மழை. வீடுகளுக்குள் தண்ணீர். வழக்கமான காலத்தில் ஒரு மழைக்காலம் முழுக்கச் சேர்ந்து பெய்ய வேண்டிய அளவில் பெரும்பகுதி ஒரு நாளில் வந்தால் எந்த வடிகாலும் தாங்காதுதான். ஆனாலும், கேள்வி அப்படியே இருக்கிறது. தண்ணீர் வடிந்து கடலுக்குப் போகும் வழி ஒரு எல்லையில் தொடங்கி இன்னொரு எல்லையில் முடிகிறது. அதற்கு ஒரே பிளான் போடுவது யார்?

இணைச்சுட்டா சரியாகிடுமா?

'ஒண்ணும் பிரச்னை இல்லை, மூன்றையும் சேர்த்து ஒரே நகராட்சி ஆக்கிடுங்க' என்று தோன்றும். பேப்பரில் பார்த்தால் அதுதான் சரி. ஆனால் தமிழ்நாட்டில் எங்கே ஊராட்சியை நகராட்சியோடு இணைப்பதாகச் சொன்னாலும் மறுநாளே பெண்கள் கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்துவிடுகிறார்கள். சும்மா உட்காரவில்லை.

நகரம் ஆனதும் ஊரக வேலைத் திட்டம் கிடையாது. குடிசையை மாற்றி வீடு கட்ட 3.5 லட்சம் தரும் 'கலைஞரின் கனவு இல்லம்' போன்ற ஊரகத் திட்டங்கள் கிடையாது. ஆனால் வரி நகரத்து வரி. 2022-ல் நகர்ப்புறங்களில் சொத்து வரி 25 முதல் 150 சதவீதம் வரை ஏறியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. மீன்பிடித் தடைக்காலம் 61 நாள். அதற்கு மேல், எல்லை தாண்டினார்கள் என்று இலங்கைக் கடற்படை பிடித்துவைத்திருக்கும் படகுகள். 2017 மார்ச்சில் தங்கச்சிமடத்து இளைஞர் ஒருவர் கடலில் சுட்டுக் கொல்லப்பட்ட சோகம் இன்னும் அந்த ஊரில் ஆறவில்லை. ஆண்கள் கடலுக்குப் போக முடியாத நாட்களில் வீட்டை ஓட்டுவது அந்த ஊரக வேலைக் கூலிதான். அதை எடுத்துவிட்டு, 'இனி நீங்க நகரவாசி' என்று ஒரு போர்டு வைத்தால் யார் ஒத்துக்கொள்வார்கள்?

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியது இல்லை. கனடாவில் பிரின்ஸ் எட்வர்ட் தீவு என்று ஒரு மாகாணம். முழு மாகாணமே ஒரு தீவு. மொத்த மக்கள் தொகை இரண்டு லட்சத்துக்கும் குறைவுதான். அவர்களுக்கும் மீன்பிடி, சுற்றுலா, ஒரு நீளமான பாலம். 1997-ல் திறந்த 12.9 கிலோமீட்டர் பாலம் அது. (சுவாரஸ்யம் என்னவென்றால், தீவுக்குள் போகும்போது கட்டணம் இல்லை. வெளியே வரும்போதுதான் வசூல். உள்ளே விட்டுவிட்டுப் பிறகு பிடிக்கும் டெக்னிக்!) அங்கே சில நூறு பேர் வாழும் குட்டிக் குட்டி கிராமங்களுக்குத் தனித்தனியாக நகராட்சி அந்தஸ்து உண்டு. 2017-ல் ஒரு புதுச் சட்டம் வந்தது. ஊர் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அலுவலகம் இத்தனை மணி நேரம் திறந்திருக்க வேண்டும், நிர்வாக அலுவலர் வேண்டும், நிலப் பயன்பாட்டுத் திட்டம் வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். சின்ன ஊர்கள் திணறின. 2018-ல் ஏழு சின்ன நகராட்சிகளையும் சுற்றியிருந்த பகுதிகளையும் சேர்த்து 'த்ரீ ரிவர்ஸ்' என்று ஒரே நகரமாக்கினார்கள். 'வரி ஏறும், எங்க ஊர் பேரே போயிடும்' என்று எதிர்ப்புக் கிளம்பியது. காரணம் அப்படியே நம்ம ஊர்க் காரணம்!

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால், அரிச்சல்முனையில் நின்று பார்க்கும் கடலுக்கு அந்தப் பக்கம் நெடுந்தீவு இருக்கிறது. குறிகாட்டுவானில் இருந்து படகில் மட்டுமே போக முடியும். சில ஆயிரம் பேர் வாழும் அந்தத் தீவுக்குத் தனியாக ஒரு பிரதேச சபை உண்டு. இலங்கையிலும் உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப்போய், 2023 மார்ச்சிலிருந்து அதிகாரிகள் கையில்தான் சபைகள் இருந்தன. 2025 மே 6-ம் தேதி தேர்தல் நடத்திவிட்டார்கள். பொருளாதாரம் விழுந்து எழுந்த ஒரு நாடு நடத்திவிட்டது. இந்தக் கரையில் இருக்கும் பாம்பன்காரர் இன்னும் காத்திருக்கிறார்.

என்னைக் கேட்டால், அவசரமாக இணைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தண்ணீர், கழிவுநீர், குப்பை, வடிகால் நான்குக்கும் மட்டும் தீவு முழுமைக்கும் ஒரு கூட்டு அமைப்பு வைக்கலாம். நகராட்சியும் இரண்டு ஊராட்சியும் அதில் உட்கார வேண்டும். கோயிலும் ரயில்வேயும் நெடுஞ்சாலைத் துறையும்கூட உட்கார வேண்டும். தனுஷ்கோடியில் 2025 ஜூனில் பூநாரைகளுக்காக 500 ஹெக்டேருக்கு மேல் சரணாலயம் அறிவித்திருக்கிறார்கள், அதனால் வனத்துறையும். இப்போது இவர்கள் எல்லோரும் ஒரே தீவில் தனித்தனித் தீவாக இருக்கிறார்கள். வரி, ஊரக வேலை, வீட்டுத் திட்டம் எல்லாம் இருக்கிறபடியே இருக்கட்டும். பத்து வருடம் கழித்து மக்களே இணையலாம் என்று சொன்னால் இணையட்டும். ஆனால், அந்தக் கூட்டத்தில் பாம்பன் சார்பாகவும் தங்கச்சிமடம் சார்பாகவும் உட்கார ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஒரு ஆள் முதலில் வேண்டுமே!

பாலத்தில் எண்ணலாமே

இன்னொரு விஷயம், இது செலவே இல்லாதது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போக 2024 மே 7 முதல் இ-பாஸ் எடுக்கிறோம். சென்னை உயர் நீதிமன்றம் கேட்ட கேள்வி எளிமையானது. ஒரு நாளைக்கு எத்தனை வண்டி வருகிறது, அந்த மலை எத்தனையைத் தாங்கும்? மலைக்குப் பல வழிகள், பல செக்போஸ்ட்கள். அங்கேயே எண்ண முடிகிறது. ராமேஸ்வரத்துக்கு சாலை வழி ஒன்றே ஒன்று. 1988-ல் திறந்த அன்னை இந்திரா காந்தி பாலம். இந்தியாவில் வண்டிகளை எண்ணுவதற்கு இதைவிடச் சுலபமான ஊர் கிடையாது. ரயிலில் வருபவர்கள் எண்ணிக்கை டிக்கெட்டிலேயே இருக்கிறது.

தடுக்கச் சொல்லவில்லை. ராமேஸ்வரம் போகாதே என்று யாரிடமும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. எண்ணச் சொல்கிறேன். எண்ணிக்கை கையில் இருந்தால்தான், '44,856 பேருக்குக் கொடுக்கும் பணத்தில் இத்தனை லட்சம் பேரைப் பார்த்துக்கொள்கிறோம்' என்று நகராட்சித் தலைவர் சென்னையில் போய் மேசையைத் தட்டிக் கேட்க முடியும். பாம்பன் ஊராட்சி, 'எங்க ரோட்டுல வருஷத்துக்கு இத்தனை பஸ் போகுது' என்று கணக்குக் காட்ட முடியும். விமான நிலையம் வரும் முன்பே இந்தக் கணக்கு வந்துவிட்டால் இன்னும் நல்லது.

அடுத்த மக்கள் தொகைக் கணக்கெடுப்புக்கான தேதி 2027 மார்ச் 1 என்று அறிவித்துவிட்டார்கள். ராமேஸ்வரம் நகராட்சியின் இப்போதைய மன்றத்துக்கும் அதே மார்ச்சில்தான் ஐந்து வருடம் முடிகிறது. மாசி மாதம், மகா சிவராத்திரி நெருங்கும் நேரம், லாட்ஜ்களில் இடம் கிடைக்காது. அன்றிரவு நீங்கள் ராமேஸ்வரத்தில் ஒரு அறையில் தூங்கிக்கொண்டிருந்தாலும், கணக்கில் உங்கள் பெயர் உங்கள் சொந்த ஊரில்தான் இருக்கும்.